ஏற்கும் கைகள்: இளந்தாய்மாரைப் பேணிய வரலாறு

பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியை அரபு மொழியில் ‘காபிலா’ என்பர். ‘கபில’ என்னும் வினையினின்று பிறந்த இச்சொல்லுக்கு ‘ஏற்றுக்கொள்பவள்’ என்பது பொருள். நிக்காஹ் சபையில் மணமகன் மொழியும் ‘கபூல்’ என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததேயாகும். மணவாழ்வின் தொடக்கத்தில் உரைக்கப்படும் சொல்லும், அவ்வாழ்வின் முதற்கனியைக் கையேந்தி வாங்குபவளின் பெயரும் ஒரு வேரினவாய் இருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406), 1377ஆம் ஆண்டில் எழுதிய தம் ‘முகத்திமா’வில் தச்சு, நெசவு, தையல் ஆகிய தொழில்களை விளக்கிவரும் வரிசையில் மருத்துவச்சியின் தொழிலுக்கெனத் தனி இயலொன்றை ஒதுக்கியுள்ளார். தாய் அளிப்பதை இவள் ஏற்பதனாலேயே இப்பெயர் பெற்றாள் என்று அவர் சொற்பொருள் காட்டுகிறார். பச்சிளங் குழந்தைக்கு வரும் நோய்களை ஆண் மருத்துவரினும் மருத்துவச்சியரே நன்கறிவர் என்றும் கூறுகிறார். மனித இனம் நிலைபெறுவதற்கே இன்றியமையாத தொழில் இதுவென்பது அவர் துணிபு.

அந்த ஏற்கும் கை எல்லாத் தாய்மாரையும் ஒருபடித்தாய் ஏற்றதா? சிறப்பாக, தன் உடல் முதிருமுன்னரே தாயாகிவிட்ட இளம் பெண்ணை அது எவ்வாறு ஏற்றது? ஊரும் அரசும் மருத்துவமும் கூடி அவளுக்கென என்ன செய்தன? இவ்வினாக்களைப் பின்பற்றிச் சென்றால் நம் கண்முன் ஒரு நீண்ட வரலாறு விரிகிறது. அதன் சில ஏடுகளை ஈண்டுப் புரட்டிப் பார்ப்போம்.

இப்னு ஸீனாவின் எச்சரிக்கை

மருத்துவ உலகம் ‘அஷ்ஷைகுர் ரயீஸ்’ எனப் போற்றும் இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலில், மிக இளமையில் மணமுடிக்கப்பெற்ற பெண்டிரைப் பற்றி ஒரு செய்தியைக் குறித்துவைத்துள்ளார். அத்தகையோரும், சிறுநீர்ப்பை வலுவற்றோரும் கருவுறாதிருக்கும் வழிகளை மருத்துவர் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும். கருவின் பாரத்தால் சிறுநீர்ப்பை கிழிந்து, சிறுநீர் அடக்கமின்றி ஒழுகும் நிலை நேரலாம். அதற்குத் தீர்வில்லை, இறக்கும்வரை அது தொடரும் என்பதே அதன் சாரம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட இக்குறிப்பை, இந்நோயின் வரலாற்றை எழுதும் இக்கால மருத்துவ அறிஞர்களும் தவறாது எடுத்துக்காட்டுகின்றனர்.

அவர் கண்டது முற்றிலும் உண்மை. இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெறாத பெண்ணின் பேறு சில வேளைகளில் நாட்கணக்கில் தடைப்படுகிறது. குழந்தையின் தலை எலும்போடு நெருக்கி அழுத்துவதால் இடைப்பட்ட தசை குருதியோட்டமின்றி மடிகிறது. பின்னர் அங்கே துளை விழுகிறது. பெரும்பாலும் குழந்தை இறந்தே பிறக்கிறது. தாயோ பிழைத்தும், ஓயாத ஈரத்தாலும் நாற்றத்தாலும் கணவனாலும் உற்றாராலும் ஒதுக்கப்படுகிறாள்.

‘தீர்வில்லை’ என்று இப்னு ஸீனா எழுதிய நோய்க்குத் தீர்வு காண எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அத்தீர்வு வந்த வழியும் கண்ணீர் நிறைந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை ஜேம்ஸ் மேரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர், அடிமைப் பெண்கள் மீது திரும்பத் திரும்ப அறுவை செய்து இத்துளையைத் தைக்கும் முறையைக் கண்டார். அவர்களுள் அனார்க்கா என்பாள் ஏறத்தாழப் பதினேழு வயதினள். மூன்று நாள் பேற்றுத் துன்பத்துக்குப்பின் இந்நோய்க்கு ஆளானவள். மயக்க மருந்தின்றி அவளுக்கு முப்பது முறை அளவில் அறுவை நடந்தது. அடிமையாகிய அவளுக்கு மறுக்கும் உரிமையும் இருந்ததில்லை. இன்று உலகெங்கும் இந்நோயுற்ற பெண்டிர் பெறும் நலத்தின் அடியில் அந்த இளந்தாயின் வேதனை புதைந்திருக்கிறது.

அறுவை முறை கிடைத்த பின்னரும் ஏழை நாடுகளின் இளந்தாய்மாருக்கு அது எட்டவில்லை. 1959ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து ரெஜினால்ட் ஹாம்லின் என்பவரும், மனைவியார் கேதரின் ஹாம்லினும் மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தரும் பணிக்காக எத்தியோப்பியா சென்றனர். இந்நோயால் ஒதுக்கப்பட்டு, நெடுந்தொலைவு நடந்து வரும் இளம் பெண்களைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டனர். 1970களின் நடுவில் அடிஸ் அபாபா நகரில் அவர்களுக்கென்றே தனி மருத்துவமனை எழுந்தது. கணவர் 1993இலும், மனைவியார் 2020இலும் மறைந்தனர். அதற்குள் அறுபதினாயிரம் பெண்களுக்கு மேல் அங்குச் சிகிச்சை பெற்றிருந்தனர்.

அவர்களுள் மமிட்டு காஷே என்னும் பெண் குறிப்பிடத்தக்கவர். எழுத்தறியாத சிற்றூரில், இளமையிலேயே மணமாகி, முதற்பேற்றில் குழந்தையை இழந்து, 1962இல் நோயாளியாக ஹாம்லின் தம்பதியரிடம் வந்தார். நலம் பெற்றபின் படுக்கை விரித்தும் கருவிகளை எடுத்துக் கொடுத்தும் பணிபுரிந்தார். பார்த்தே பழகி, தாமே அறுவை செய்யும் வல்லமை பெற்றார். பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கும் பயிற்சி அளித்தார். ஓர் இளந்தாய்க்கு நேரத்தில் நீட்டப்பட்ட கை எத்தனை கைகளாகப் பெருகுகிறது என்பதற்கு இவர் வாழ்வு சான்று. நோயைத் தைப்பதினும் தடுப்பதே மேல் என்றுணர்ந்த கேதரின் அம்மையார், 2007இல் மருத்துவச்சியர்க்கெனக் கல்லூரியும் நிறுவினார்.

கோஷா ஆஸ்பத்திரியும் ஓர் இரவும்

நம் தமிழகத்தின் பக்கம் திரும்புவோம். சென்னை எழும்பூரில் 1844ஆம் ஆண்டிலேயே மகப்பேற்று மருத்துவமனை தோன்றிவிட்டது. எனினும் நம் சமுதாயத்தின் கோஷாப் பெண்டிரும், பிற சமுதாயங்களின் உயர்குடிப் பெண்டிரும் ஆண் மருத்துவர் உள்ள இடத்துக்குச் செல்லவில்லை. அக்காலத்தில் பெண்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மணமாகி, ஓரிரு ஆண்டுகளில் பேற்றறைக்குள் புகுவது பெருவழக்காய் இருந்தமையால், அந்தத் திரைக்குப் பின்னே துன்புற்றோரில் இளந்தாய்மார் பலராயினர்.

சென்னையில் வழக்கறிஞராயிருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி மேரி ஷார்லீப். பேறுகாலத்தில் இந்நாட்டுப் பெண்டிர் படும் பாட்டைக் கேள்வியுற்று, தாமே மருத்துவம் கற்க உறுதி பூண்டார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களுள் அவரும் ஒருவர். இலண்டனிலும் படித்துத் தேறி 1883இல் மீண்டார். 1885இல், பெண்கள் மட்டுமே பணிபுரியும் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். நுங்கம்பாக்கத்தில் தொடங்கி, பின்னர் திருவல்லிக்கேணிக்கு இடம்பெயர்ந்த அதுவே நம் பாட்டிமார் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று வழங்கியது. இன்று அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. திரையை விலக்கிவிட்டு வருக என்று கூறாது, திரைக்குள்ளேயே மருத்துவத்தைக் கொண்டு சென்றமை இம்முயற்சியின் சிறப்பு. ஒரு சமுதாயத்துக்கு உதவ முன்வருவோர், அதன் நாணத்தையும் நடைமுறையையும் மதித்தால் கதவு தானே திறக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்த நிகழ்ச்சி திண்டிவனத்தில் 1890களில் நடந்தது. அமெரிக்க மருத்துவ ஊழியக் குடும்பத்தில் இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். தாயின் நோய் காரணமாகத் தற்காலிகமாகவே இங்கு வந்திருந்தார். ஓர் இரவில் மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக அவர் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றவர் உயர்குடி இந்து. மூவர் வீட்டிலும் இளம் மனைவி பேற்று வேதனையில் கிடந்தாள். ஐடாவின் தந்தை தேர்ந்த மருத்துவர். அவர் உடன்வர ஆயத்தமாயிருந்தார். அயல் ஆடவர் தம் மனைவியைத் தொட இயலாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிவதற்குள் மூவரும் இறந்த செய்தி வந்தது. பிராமணரின் மனைவிக்கு வயது பதினான்கே என்று ஐடாவின் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம்.

அந்த இரவு அவர் வாழ்வின் திசையை மாற்றிற்று. அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மருத்துவமனையில் அமர்ந்திருப்பதோடு நில்லாமல், வாரந்தோறும் குடியாத்தம் சாலை வழியே வண்டியில் சென்று, மரநிழல்களில் நிறுத்தி நோயாளிகளைப் பார்க்கும் முறையையும் அவர் ஏற்படுத்தினார். இறந்த மூவருள் ஒருத்தி நம் சமுதாயத்துப் பெண். இன்று வேலூரின் பெரிய மருத்துவமனைக்குள் நுழையும் நம் மக்கள் அவளையும் நினைவிற்கொள்வது தகும்.

சட்டம் பிறந்த கதை

மருத்துவர் கண்ட துயரம் மெல்ல மெல்லச் சட்டமன்றத்தின் செவியை எட்டியது. 1917இல் துருக்கியின் உதுமானிய அரசு வெளியிட்ட குடும்பச் சட்டம், பெண்ணின் மணவயதைப் பதினேழாகக் குறித்து, அதற்குக் குறைந்தவள் மணம் புரியக் காழியின் அனுமதி வேண்டுமென்றது. எகிப்து 1923இல் பதினாறு வயது நிரம்பாத பெண்ணின் மணத்தைப் பதிவு செய்யலாகாதெனத் தடுத்தது. முஸ்லிம் நாடுகளிலேயே இச்சிந்தனை முளைவிட்ட காலம் அது.

இந்தியாவில் 1928இல் அமைக்கப்பட்ட ஜோஷி குழு நாடெங்கும் சென்று மருத்துவர், ஆசிரியர், மாதர் சங்கத்தார் எனப் பலதிறத்தாரிடமும் சாட்சியம் திரட்டியது. இளமைத் தாய்மையால் தாயும் சேயும் படும் கேட்டைப் பெண் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மணவயதை உயர்த்த வேண்டுமென்று குரல் கொடுத்தார். 1929இல் சாரதா சட்டம் நிறைவேறி, பெண்ணுக்குப் பதினான்கு வயது என்ற வரம்பை நாட்டியது. சமய உரிமையில் தலையீடு என்று அதை எதிர்த்தோர் இந்துக்களிலும் இருந்தனர், முஸ்லிம்களிலும் இருந்தனர். முகம்மது அலி ஜின்னா அதனை ஆதரித்து வாக்களித்தார் என்பதும் வரலாறு. பிற்காலத்தில் வரம்பு மெல்ல உயர்ந்து, 1978இல் பதினெட்டாயிற்று. 2006ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது.

சட்டம் பெரும்பயன் விளைத்தது, ஐயமில்லை. எனினும் தேசியக் குடும்பநல ஆய்வு 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த கணக்கின்படி, இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களுள் பதினெட்டுக்குமுன் மணமானோர் இந்தியாவில் நூற்றுக்கு 23.3, தமிழ்நாட்டில் 12.8. பதினைந்து முதல் பத்தொன்பது வயதினருள் தாயானோரும் கருவுற்றிருந்தோரும் இந்திய அளவில் நூற்றுக்கு 6.8. சட்டத்தின் வரம்பைக் கடந்து, இவ்வாறு தாயாகிவிட்ட பெண்ணை யார் பேணுவது? மணத்தைத் தடுக்கவே பிறந்த சட்டத்தில் இதற்கு விடை தேடிப் பயனில்லை.

வீடு தேடி வந்த செவிலியர்

இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சிகளுள் இரண்டு, 1970களின் பிற்பகுதியில் தோன்றியவை.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் கருவுற்ற மாணவியைப் பள்ளியினின்று நீக்குவது வழக்கம். நீக்கப்பட்டவள் படிப்பிழந்து, தொழிலிழந்து, விரைவில் மறுபடியும் கருவுற்று, வறுமையில் ஆழ்ந்தாள். 1978இல் கிங்ஸ்டன் நகரில் ‘மகளிர் மையம்’ தொடங்கிற்று. கருவுற்ற இளம் பெண் அங்கே தன் பாடங்களைத் தொடர்ந்து கற்றாள். உடல்நலமும் குழந்தை வளர்ப்பும் அறிந்தாள். குழந்தையை விட்டுச்செல்லக் காப்பகமும் இருந்தது. பேற்றுக்குப்பின் அவளை மீண்டும் ஒரு பள்ளியில் சேர்ப்பதே மையத்தின் முதன்மைக் குறிக்கோள். தீவின் பிற ஊர்களுக்கும் அது பரவியது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப்பின், 2013இல், இளந்தாயைப் பள்ளிகள் திரும்ப ஏற்றல் வேண்டும் என்பதை அந்நாட்டுக் கல்வித்துறை தன் கொள்கையாகவே வகுத்தது.

மற்றொன்று அமெரிக்காவின் எல்மைரா என்னும் சிறு நகரில் 1977இல் டேவிட் ஓல்ட்ஸ் என்னும் அறிஞர் தொடங்கிய சோதனை. முதற்பேற்றை எதிர்நோக்கியிருந்த நானூறு பெண்கள் அதில் சேர்ந்தனர். பெரும்பாலோர் மிக இளையோர், அல்லது வறியோர், அல்லது துணையற்றோர். தேர்ந்த செவிலி ஒருவர் கருவுற்ற காலத்திலேயே அவள் வீட்டுக்குச் செல்லத் தொடங்கி, குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை இடைவிடாது சென்று வந்தார். உணவு, புகைபிடித்தலை விடுதல், குழந்தையின் அழுகைக்குப் பொருள் காணுதல், படிப்பைத் தொடர்தல் என எல்லாவற்றையும் தோழமையோடு பேசினார். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, செவிலி சென்று வந்த குடும்பங்களில் குழந்தையைத் துன்புறுத்திய, புறக்கணித்த புகார்கள் மற்றக் குடும்பங்களைவிட ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. 1997இல் வெளியான இம்முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது.

இங்கிலாந்து 2007இல் இம்முறையை மேற்கொண்டது. பத்தொன்பது வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய 1,645 பெண்களிடம் அங்கு நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. குழந்தையின் எடை, மறுகருவுறுதல் முதலிய முதன்மை நோக்கங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனின்று நாம் கொள்ளும் பாடம் ஒன்றுண்டு. அந்நாட்டில் எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவச்சியும் வீட்டுக்கு வரும் நலப் பணியாளரும் முன்னரே இலவசமாகக் கிடைத்து வந்தனர். வெறுங்கையாய் நிற்பவளுக்குச் செய்யும் உதவி தரும் மாற்றத்தை, ஏற்கெனவே உதவி பெறுபவளுக்குச் செய்வது தருவதில்லை. எல்லார்க்கும் பொதுவான நல்ல கவனிப்பே அடித்தளம். அஃதில்லாத இடத்தில் தனித்திட்டம் உயிர்காக்கும்.

உதவியின் வாயிலில் ஒரு வயதுக்கணக்கு

நம் மாநிலத்தில் அவ்வடித்தளம் ஓரளவு நன்றாகவே இடப்பட்டுள்ளது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட துணைச் சுகாதார நிலையங்களில் கிராமச் சுகாதாரச் செவிலியர் இருந்து, கருவுற்றோரைப் பதிந்து, வீடு தேடிச் சென்று பார்க்கும் முறை பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேற்று நிதியுதவி தொடங்கியது. முந்நூறு ரூபாயாக இருந்த அத்தொகை 1995இல் ஐந்நூறாகவும், 2006இல் ஆறாயிரமாகவும், 2011இல் பன்னீராயிரமாகவும், பின்னர் பதினெண்ணாயிரமாகவும் உயர்ந்தது. கூலி வேலையை விட்டு ஓய்வெடுக்கவும், பாலும் பழமும் உண்ணவும் ஏழைத் தாய்க்கு வழிசெய்த நல்ல திட்டம் இது.

ஆயினும் இத்திட்டத்தின் விதிகளில் தாய்க்குப் பத்தொன்பது வயது நிரம்பியிருத்தல் வேண்டுமென்ற நிபந்தனை இடம்பெற்றது. 2010இல் மைய அரசு தொடங்கிய மகப்பேற்று உதவித் திட்டத்திலும் அவ்வாறே. இளமை மணத்தை ஊக்குவித்தலாகாது என்னும் அரசின் நோக்கம் நேர்மையானதே. எனினும் எண்ணிப் பாருங்கள்: மண நாளைக் குறித்தவர் பெற்றோர், ஒப்பம் இட்டவர் பெரியோர், விருந்துண்டவர் ஊரார். தண்டனையாகப் பாலையும் பழத்தையும் இழப்பவளோ, எவராலும் கருத்துக் கேட்கப்படாத அந்தப் பெண். குருதிச்சோகையும், வலிப்பு நோயும், குறையெடைக் குழந்தையும் அவள் வயதினரையே மிகுதியாகத் தாக்குகின்றன. யாருக்கு உதவி மிகத் தேவையோ அவளே வாயிலுக்கு வெளியே நின்றாள். மருத்துவமனைப் பேற்றுக்கான மைய அரசின் ‘ஜனனி சுரக்ஷா’ திட்டத்தில் இருந்த இத்தகைய வயது நிபந்தனை 2013இல் நீக்கப்பட்டது. அது முறையான செயல்.

மற்றொரு தடையும் உண்டு, அது அச்சம். 2012ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் கருவுற்று வந்தால் மருத்துவர் காவல்துறைக்கு அறிவித்தாக வேண்டும். மனைவியேயாயினும் இதுவே நிலை என்பதை 2017இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. குழந்தைகளைக் கொடியோரிடமிருந்து காக்கப் பிறந்த சட்டம் இது. அதன் தேவையை மறுப்பாரில்லை. ஆனால் குற்றம் செய்த குடும்பம் அஞ்சி, பெண்ணை மருத்துவமனைக்கே அழைத்துச் செல்லாது வீட்டில் வைத்துப் பேறு பார்க்குமாயின், திண்டிவனத்து இரவு மீண்டும் வந்துவிடும். அன்று திரை தடுத்தது, இன்று அச்சம் தடுக்கும், மடிபவள் ஒருத்தியே. கருக்கலைப்பு நாடிவரும் இளம்பெண்ணின் பெயரை அவள் வேண்டினால் அறிக்கையில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது, இவ்வச்சத்தை ஓரளவு உணர்ந்தே எனலாம்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றினின்று நம் மஹல்லாக்கள் கொள்ளவேண்டிய கடமைகள் இரண்டு. அவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளலாகாது.

முதலாவது தடுப்பு. நிக்காஹ் தஃப்தரில் பெயர் எழுதுமுன் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வயதை உறுதிசெய்யும் பொறுப்பு ஜமாஅத்துக்கும் மணமுடித்து வைக்கும் ஆலிமுக்கும் உண்டு. வயது நிரம்பாதவள் என்று தெரிந்தால் உறவு, செல்வாக்கு பாராது மறுத்தல் வேண்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப் பார்க்கும் வீட்டுக்குப் பெரியோர் நால்வர் சென்று பேசினாலே பல மணங்கள் தள்ளிப்போகும்.

இரண்டாவது பேணல். தடுப்பு தவறி, ஓர் இளம்பெண் கருவுற்றுவிட்டாள் எனில் அப்போது தீர்ப்புரைக்கும் வேளை கடந்துவிட்டது. முதல் மூன்று மாதங்களுக்குள் அவளைச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்தல், இரும்புச்சத்து மாத்திரையைக் கருக்காலத்தில் நூற்றெண்பது நாளும் பேற்றுக்குப்பின் நூற்றெண்பது நாளும் தவறாது உட்கொள்ளச் செய்தல், மருத்துவமனையிலேயே பேறு நடத்தல், அடுத்த கருவுக்குப் போதிய இடைவெளி விடுதல், விட்ட படிப்பைத் திறந்தநிலைப் பள்ளி வழியாயினும் தொடரச் செய்தல் ஆகிய யாவும் அவளுக்கு உரியவை. அரசின் உதவித்தொகை வயதுக்கணக்கால் அவளுக்குக் கிட்டாவிடில், அந்தப் பாலுக்கும் பழத்துக்கும் நம் பைத்துல்மாலில் ஒரு பங்கு ஒதுக்குவது அரிதன்று. தாய்வீட்டுத் துணையற்றவளோடு மருத்துவமனைக்குச் செல்ல, அனுபவமுள்ள மூத்த பெண்கள் இருவர் மூவரை ஒவ்வொரு மஹல்லாவும் அமைத்துக்கொள்ளலாம். எல்மைராவில் செவிலி செய்த பணியின் பெரும்பகுதி இத்தகைய துணையே.

தன்னைக் கேளாது எடுத்த முடிவின் சுமையை ஓர் இளம்பெண் சுமக்கிறாள். அச்சுமையில் பாதியையேனும் அம்முடிவை எடுத்தவர்கள் தாங்கட்டும். ‘காபிலா’ என்னும் சொல்லுக்கு இப்னு கல்தூன் உரைத்த பொருளை, மருத்துவச்சி ஒருத்தியோடு நிறுத்திவிடாமல், ஊர் முழுவதற்கும் உரியதாக்குவோமாக.